சட்டம் பயில்வோர்க்குச் சட்டமன்றக் கதவு திறக்கட்டும்!

2023ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 22ஆம் நாள் மாலை. வியாசர்பாடியிலே ஒரு படிப்பகம். நாளிதழைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் துறைமுகத்திலே மூட்டை சுமந்து முதுகு வளைந்தவர். இன்னொருவர் மணலித் தொழிற்சாலை ஒன்றிலே ஒப்பந்தக் கூலி. மற்றவர்களும் உழைத்து உண்பவர்களே! தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் முதல் நாள்தான் சட்டமன்றத்திலே நிறைவேறியிருந்தது. அந்தச் சட்டமுன்வடிவின் நகலை யாரோ கொண்டுவந்து மேசைமீது விரித்திருந்தார்கள்.

அந்த வழியே வந்தாள் ஒரு பெண். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். சட்டக் கல்லூரியிலே நான்காம் ஆண்டு மாணவி. துறைமுகத்துப் பெரியவர் அவளை அழைத்தார்.

"அம்மா, நீ வக்கீலுக்குப் படிக்கிறவள். வேலை நேரம் பன்னிரண்டு மணி ஆகப்போகிறது என்கிறார்களே, அது இதிலே எந்த வரியிலே இருக்கிறது? காட்டு பார்ப்போம்."

அவள் படித்தாள். மீண்டும் படித்தாள். முகம் வாடிற்று. "பெரியப்பா, மாதிரி நீதிமன்றத்திலே வாதாடி நான் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஆனால், ஒரு சட்டமுன்வடிவை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையிலே தொடுகிறேன்" என்றாள்.

நானும் அங்கே இருந்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். மேடையிலே முழங்கத் தெரியும். நாடகத்திலே நாலு பேரைப் பேச வைக்கத் தெரியும். அந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்ல எனக்கும் தெரியவில்லை. வெட்கப்பட்டேன். வெட்கத்தோடு வீடு திரும்பியவன் அன்றிரவு எண்ணிய எண்ணத்தைத்தான் இன்று எழுதுகிறேன்.

அந்த முன்வடிவிலே என்ன இருந்தது? 65-ஏ என்றொரு புதிய பிரிவு. 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும் விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு. வெறும் எண்கள்! கணக்குப் புத்தகத்தின் பக்கம் போலத் தோன்றும் எண்கள்!

அன்று நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பக்கத்திலே வைத்துப் படித்தால்தான் அந்த எண்கள் வாய் திறக்கும். 51 என்றால், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்பது. 52 என்றால், வாரத்திலே ஒரு நாள் ஓய்வு. 54 என்றால், நாளொன்றுக்கு 9 மணி நேரமே எல்லை. 55 என்றால், இடையிலே இளைப்பாற நேரம். 56 என்றால், வேலையையும் ஓய்வையும் சேர்த்து எத்தனை மணி நேரம் தொழிலாளியை ஆலைக்குள்ளே வைத்திருக்கலாம் என்ற வரம்பு. 59 என்றால், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஆறு எண்களுக்குள்ளே ஒரு தொழிலாளியின் உறக்கம், உணவு, ஓய்வு, பிள்ளைகளோடு பேசும் பொழுது, அத்தனையும் அடங்கிக் கிடந்தன!

மன்றத்துக்குள்ளே எதிர்ப்புக் குரல் எழுந்தது. வெளியிலே தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24இல் அந்தத் திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று, திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. கொண்டுவந்தவர்களே கைவிட்டார்கள், மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தது மாண்பு, மறுக்கவில்லை. ஆனால் தோழர்களே, நம் கேள்வி வேறு. நிறைவேறுமுன்பே அந்த ஆறு எண்களின் பொருளை ஆலைவாசலிலே விளக்கிச் சொல்ல, வியாசர்பாடிக்கு ஓர் ஆள் இருந்தாரா? இல்லை! சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்; சட்டம் பிறக்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டியவர் இல்லை!

இந்தக் குறை வடசென்னைக்கு எவ்வளவு பெரிய குறை என்பதை அறிய, நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

வியாசர்பாடிக்கு அண்டையிலே நின்றிருந்தன பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும். 1996இல் மூடப்படும்வரை வட்டாரம் முழுவதற்கும் சங்கொலி அங்கிருந்துதான். அந்த ஆலைத் தொழிலாளர்க்காக 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. தோளோடு தோள் நின்றவர். இந்திய நாட்டிலே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களிலே ஒன்று!

1920இல் மோதல் மூண்டது. ஆலை முதலாளிகள் தடியைத் தூக்கியதோடு நிற்கவில்லை, சட்டத்தையும் தூக்கினார்கள். உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். "தொழிலாளர்கள் எங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறும்படி சங்கத் தலைவர்கள் தூண்டுகிறார்கள், தடை வேண்டும், இழப்பீடு வேண்டும்" என்று வழக்குத் தொடுத்தார்கள். தடையாணை பிறந்தது! முடிவிலே வாடியா சங்கத்தை விட்டே விலக நேர்ந்தது.

நீதிமன்றத்திலே நியாயம் ஏன் கிடைக்கவில்லை? வாதாட ஆள் இல்லாமலா? இல்லை. சங்கம் வைப்பவனைக் காக்கும் சட்டமே அந்நாளிலே இந்த நாட்டில் இல்லை. இல்லாத சட்டத்தை எந்த வழக்குரைஞர் எடுத்துக்காட்டுவார்? எந்த நீதிபதி படித்துப் பார்ப்பார்?

அடுத்த ஆண்டே, 1921இல், மத்திய சட்டசபையிலே எழுந்தார் என்.எம்.ஜோஷி. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தொழில் தகராறிலே ஒருவனை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு பெற்ற சங்கத்தின்மீதோ அதன் பொறுப்பாளர்மீதோ உரிமையியல் வழக்குச் செல்லாது என்கிறது அது. பெரம்பூரிலே விழுந்த அடிக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டு அது! வழக்குமன்றத்திலே இழந்ததைச் சட்டமன்றத்திலே மீட்டார்கள்.

அந்த 1926ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியே இல்லை. 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளுக்குள்ளே அடைக்கப்பட்டன. அவற்றில் தொழிலுறவுத் தொகுப்பு உள்ளிட்ட மூன்று, 2020 செப்டம்பர் 23இல், எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த வேளையிலே மாநிலங்களவையில் நிறைவேறின. 2025 நவம்பர் 21இல் நான்கும் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் எந்த வரி புதிய தொகுப்பிலே இருக்கிறது, எந்த வரி குறைந்திருக்கிறது, எந்த வரிக்கு வால் முளைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுத் தமிழிலே எடுத்துச் சொல்லும் திறன் இன்று ஒவ்வொரு தெருவுக்கும் தேவை.

அந்தத் திறனைச் சட்டக் கல்லூரி தருகிறதா?

சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தோன்றியது. உயர்நீதிமன்ற வளாகத்திலேயே செந்நிறக் கோபுரங்களோடு நின்றது. அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டை எவ்வளவு தொலைவு? நடந்தே போகலாம்! ஒரு பக்கம் சட்டத்தை விளக்கும் மன்றம், மறுபக்கம் சட்டத்தை வகுக்கும் மன்றம், நடுவிலே சட்டம் படிக்கும் மாணவன். கல்லூரியின் பின்கதவு உயர்நீதிமன்றத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. கோட்டைப் பக்கத்துக் கதவு மட்டும் பாடத்திட்டத்திலே இல்லாமலே போயிற்று. 2018இல் கல்லூரியும் நகரை விட்டுப் போயிற்று. ஒரு பகுதி திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கு, மற்றொரு பகுதி புதுப்பாக்கத்துக்கு. வியாசர்பாடி ஜீவா நிலையத்திலே மின்தொடர் ஏறி, திருவள்ளூரிலே இறங்கி, பேருந்து பிடித்துப் போகிறார்கள் நம் பிள்ளைகள். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த ஜீவானந்தம் யார்? 1952இல் வண்ணாரப்பேட்டைத் தொழிலாளர் வாக்கிலே வென்று சட்டமன்றம் சென்றவர்! அவர் பெயர் தாங்கிய நிலையத்திலிருந்து நாள்தோறும் புறப்படும் மாணவன், சட்டமன்ற வேலை இன்னதென்று அறியாமலே பட்டம் பெற்றுத் திரும்புகிறான்.

கல்லூரிக்கு யார் பெயர்? அண்ணல் அம்பேத்கர் பெயர்! அவர் வழக்குரைஞர், உண்மை. ஆனால் உலகம் அவரை எதற்காக வணங்குகிறது? வழக்கிலே வென்றதற்காகவா? அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவராக, சொல் சொல்லாக, பிரிவு பிரிவாக, திருத்தம் திருத்தமாக நின்று விடை சொன்னாரே, அதற்காக அன்றோ! வரைவுக் குழுத் தலைவரின் பெயரை வாயிலிலே பொறித்துவிட்டு, முன்வடிவு வரையும் வித்தையை வாயிலுக்கு வெளியே நிறுத்தலாமா?

இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் நான்கு செய்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியுள்ளன. வழக்குரைகளும் ஆவணங்களும் வரைதல் ஒன்று. தொழில் ஒழுக்கம் இரண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்த்தல் மூன்று. மாதிரி நீதிமன்றப் பயிற்சி நான்கு. நல்லவை, வேண்டியவை. ஆனால் நான்கும் வழக்கைச் சுற்றியே வலம் வருகின்றன. வரைதல் தாள்கூட வழக்குரையும் விற்பனைப் பத்திரமும் எழுதவே கற்றுத்தருகிறது. சட்டமுன்வடிவு எழுத அல்ல.

ஆயினும் அதே விதிகளிலே ஒரு கதவு இருக்கிறது, தோழர்களே! மூன்றாண்டுப் படிப்பிலே 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பிலே 20 வாரம் வெளியே சென்று பயிற்சி பெற வேண்டும் என்கின்றன அவ்விதிகள். எங்கே பெறலாம் என்ற பட்டியலிலே வழக்குரைஞர் அலுவலகமும் நீதித்துறையும் மட்டுமா உள்ளன? சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் உள்ளன. உள்ளாட்சி மன்றங்களும் உள்ளன! புதுச் சட்டம் வேண்டாம். புதுக் கல்லூரி வேண்டாம். எழுதி வைத்த கதவைத் திறந்தாலே போதும்!

"சொற்களை அடுக்குவதற்கா இத்தனை ஆரவாரம்?" என்று கேட்பார் உண்டு. சொல்லா சிறிது? 1967இல் இந்தத் தமிழகம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்தது. இந்துத் திருமணச் சட்டத்திலே 7-ஏ என்ற பிரிவு. மணமக்கள் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். அந்த "அல்லது" இருந்த இடத்திலே ஒரு "உம்" இருந்திருந்தால்? தாலியும் வேண்டும் என்றாகியிருக்கும். தாலி மறுத்து மணந்தவர்களின் மணம் செல்லாமலே நின்றிருக்கும். ஒரு சொல்லின் மீது எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன பாருங்கள்!

இன்னொன்று காண்போம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளுக்குப் போயிருப்பீர்கள். காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் நம் வீட்டுப் பெண்களைக் கண்டிருப்பீர்கள். 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலே 22-ஏ என்று ஒரே ஒரு பிரிவு சேர்ந்தது. பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும். நாள் முழுதும் நிற்க வைக்கக் கூடாது. அவ்வளவுதான்! அந்தச் சில வரி, அத்தனை பெண்களின் கால் வலியைச் சட்டத்தின் கண்ணுக்குக் காட்டியது. கால் வலிப்பது யாருக்குத் தெரியும்? நின்றவளுக்குத் தெரியும், அவளுடைய தம்பிக்கும் தங்கைக்கும் தெரியும். அந்தத் தங்கை சட்டம் படிக்கிறாள் என்றால், அந்த வலியைப் பிரிவாக எழுதும் வித்தை அவளுக்கு வேண்டாமா?

வெளியுலகம் இதை அறியாமலில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலே 1901இலேயே சட்டமன்றத்துக்கென்று ஆய்வு நூலகம் கண்டார் சார்லஸ் மெக்கார்த்தி; அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தின் மகன் அவர். உழவர்களும் வணிகர்களுமாக வந்த உறுப்பினர்களுக்கு முன்வடிவு எழுத உதவும் இடமாயிற்று அது. கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியிலே 1911இல் சட்டவரைவுக்கென்றே ஓர் ஆய்வு அமைப்பு பிறந்தது. தில்லியிலே ஒன்றியச் சட்ட அமைச்சகத்தின்கீழ் 1989 முதல் சட்டவரைவுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அலுவலர்க்கென எழுந்த அது, சட்ட மாணவர்க்கும் சில வாரப் பயிற்சி தந்து வந்திருக்கிறது. பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு அமைப்பு 2010இலே ஒரு திட்டம் தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு இளம் பட்டதாரி ஒருவர், உதவித்தொகையோடு. அந்தப் பயிற்சியெல்லாம் தில்லியிலே. தில்லிக்குப் போய்த் தங்கி, ஆங்கிலத்திலே எழுதிக்காட்டும் வாய்ப்பு வியாசர்பாடிப் பிள்ளைகளிலே எத்தனை பேருக்கு எட்டும்? நம் பிள்ளைக்கு நம் கோட்டையிலே, நம் மொழியிலே வேண்டும் அந்தப் பயிற்சி!

எப்படிச் செய்வது? வடசென்னையிலேயே தொடங்கலாம். பெரம்பூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், திரு.வி.க. நகர், இராயபுரம், திருவொற்றியூர் என ஐந்து தொகுதிகள். எந்தக் கட்சி உறுப்பினரானாலும் சரி, கூட்டத்தொடர்தோறும் உறுப்பினர் ஒருவருக்கு இரண்டு சட்ட மாணவர்கள். அவர்களைப் பயணப்படிக்கும் சாப்பாட்டுக்கும் அலைய விடாதபடி உதவித்தொகை. ரிப்பன் மாளிகையிலே மாமன்றம் கூடும்போது, மாமன்ற உறுப்பினர்களுக்கும் அவ்வாறே.

வேலை என்ன? கோப்பு தூக்குவதல்ல, தேநீர் வாங்கி வருவதல்ல! முன்வடிவு அறிமுகமான அன்றே மூலச் சட்டத்தோடு ஒப்பிட்டு, என்ன மாறுகிறது, யாருக்கு மாறுகிறது என்று இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுத வேண்டும். அதைத் தொகுதிப் படிப்பகத்திலே மக்கள் முன் படித்துக்காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். உறுப்பினர் விரும்பினால் திருத்தத் தீர்மானத்தை வரைந்து தர வேண்டும். மனுக்கள் குழுவும் உறுதிமொழிக் குழுவும் தந்த அறிக்கைகளைப் புரட்டி, எந்த வாக்குறுதி நிறைவேறிற்று, எது நிலுவையிலே கிடக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். இதைச் செய்து பழகியவனுக்குச் சட்டம் மனப்பாடம் அல்ல, கைவேலை!

2023 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. படகும் வலையும் பாழாயின. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவிலே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும், குழாயை யார் எத்தனை நாளுக்கொருமுறை சோதிக்க வேண்டும், வலை இழந்தவனுக்கு எத்தனை நாளுக்குள் இழப்பீடு என்பதெல்லாம் எங்கே எழுதப்பட வேண்டும்? பிரிவிலும் விதியிலும்! அந்த இரவிலே தாயைத் தோளிலே தாங்கி ஓடிய மகன் சட்ட மாணவனாக இருந்தால், அவன் எழுதும் குறிப்பிலே எந்த அலுவலகக் கோப்பும் காணாத உண்மை இருக்கும்.

எதிர்வாதம் வரும். "மாணவர்களை அரசியலிலே இழுக்கிறீர்களே!" என்பார்கள். சட்டமன்றம் தீண்டத்தகாத இடமா? நீதிமன்றத்திலே வாதியின் வழக்குரைஞரிடம் பயில்பவன் வாதியின் அடிமையாகிவிடுகிறானா? பேரவைச் செயலகம் வழியே குலுக்கல் முறையில் ஒதுக்கட்டும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று மாறி மாறிப் பயிலட்டும். தன் கொள்கைக்கு மாறான உறுப்பினரிடம் ஒரு தொடர் பணியாற்றிய மாணவனுக்கு மாற்றாரின் வாதம் புரியும். அது சனநாயகத்துக்கு நட்டமா?

"சட்டத்துறையிலே வல்லுநர்கள் இருக்கிறார்களே" என்பது அடுத்த வாதம். இருக்கிறார்கள், வணங்குகிறோம். அவர்கள் அரசின் எண்ணத்தை எழுதுபவர்கள். தனி உறுப்பினருக்கு யார் எழுதுவார்? 2015 ஏப்ரல் 24இல் மாநிலங்களவையிலே திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை முன்வடிவு நிறைவேறியது. தனி உறுப்பினர் ஒருவரின் முன்வடிவுக்கு ஓர் அவை முழுதும் இசைவு தந்த அரிய நிகழ்ச்சி! 1970க்குப் பின் தனி உறுப்பினர் முன்வடிவு எதுவும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்து சட்டமானதில்லை. இதுவும் மக்களவையிலே கரையேறவில்லை. ஆயினும் நாடு முழுதும் அந்தப் பேச்சை எழுப்பிற்று. நன்கு வரையப்பட்ட முன்வடிவு தோற்றாலும் விதையாகும். வரையவே ஆள் இல்லையென்றால் விதைக்கவும் வழியில்லை.

நான் நாடகக்காரன். ஒத்திகை இல்லாமல் எந்த நடிகனையும் மேடையேற்ற மாட்டேன். கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியிலே, விதிப் புத்தகத்தைப் படிக்க வைத்து எவரும் ஆட்டக்காரனை உருவாக்கியதில்லை; பந்தைக் காலிலே கொடுத்துத்தான் உருவாக்கினார்கள். நீதிமன்றத்துக்கு ஒத்திகை வைக்கிறோம். கோட்டைக்கு மட்டும் ஒத்திகை வேண்டாமா?

பல்கலைக்கழகமே, உன் விதியிலே இருக்கும் கதவைத் திற! பேரவையே, மாணவர்க்கு ஒரு மேசை கொடு! உறுப்பினர்களே, உங்கள் தொகுதிப் பிள்ளையை அருகிலே அமர்த்துங்கள்! சட்டம் பயிலும் தம்பி தங்கையரே, அழைப்பு வரும்வரை காத்திராதீர். அடுத்த முன்வடிவு அறிமுகமாகும் நாளிலே அதன் நகலை எடுத்துக்கொண்டு உங்கள் தெருப் படிப்பகத்துக்கு வாருங்கள். மூலச் சட்டத்தைப் பக்கத்திலே வையுங்கள். எண்களை வாய் திறக்கச் செய்யுங்கள்.

அந்தத் துறைமுகத்துப் பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் அந்த மேசைமீது கிடக்கிறது. "எந்த வரியிலே இருக்கிறது, காட்டு பார்ப்போம்!" அதற்கு விடை சொல்லும் வழக்குரைஞரை வியாசர்பாடி பெற வேண்டும். அந்த வரியை எழுதும் ஆளும் வியாசர்பாடியிலிருந்தே கோட்டைக்குப் போக வேண்டும்!